பருப்பு வேகாத தண்ணீரும் பள்ளிக்கூடத்துக் கூரையும்

ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமானால், ஆய்வகத்துக்குப் போகுமுன் சத்துணவு சமைக்கும் அக்காவைக் கேட்கலாம். "போர் தண்ணியில பருப்பு வேகாது சார்" என்பார். உண்மைதான். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த தண்ணீரில் பருப்பு இறுகிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கொதித்தாலும் முழுசாகவே கிடக்கும். அதனால் சமையலுக்கு என்று தள்ளுவண்டியில் நல்ல தண்ணீர் காசுக்கு வரும். பள்ளிக்குக் குடிநீர் ஏற்பாடு செய்ய வருகிறவர்கள் பிள்ளைகள் குடிப்பதை மட்டும் கணக்குப் போட்டுவிட்டுச் சமையலறையை மறந்துவிடுவார்கள். தை மாதம் நிறைந்திருந்த மழைநீர்த் தொட்டி மாசியிலேயே காலியாவதற்கு இதுதான் முதல் காரணம்.

எனவே கணக்கிலிருந்தே தொடங்கலாம். 60 பிள்ளைகளும் ஐந்து பெரியவர்களும் உள்ள ஒரு தொடக்கப்பள்ளி. பள்ளி நேரத்தில் குடிக்கத் தலைக்கு ஒன்றரை லிட்டர் வைத்தால் நாளொன்றுக்கு 100 லிட்டர். காலை உணவும் மதிய உணவும் அங்கேயே சமைத்தால், அரிசி களைவது முதல் சாம்பார் வரை இன்னும் 60 லிட்டர். ஆக 160 லிட்டர் நல்ல தண்ணீர். கை கழுவ, தட்டு கழுவ, கழிப்பறைக்கு எல்லாம் போர் தண்ணீரே போதும். ஆனால் அதற்குத் தனித் தொட்டியும் தனிக் குழாயும் வேண்டும். இரண்டையும் ஒரே குழாயில் இணைத்து நடுவில் ஒரு வால்வ் வைத்தால், யாராவது ஒருநாள் அவசரத்துக்கு அதைத் திறப்பார்கள். அன்றோடு நல்ல தண்ணீரும் சவர்த் தண்ணீராகிவிடும்.

இனி வரவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 12 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ள இரண்டு வகுப்பறைக் கட்டடத்தின் தளம் 72 சதுர மீட்டர். இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான். பருவம் சுமாராக 500 மி.மீ. கொடுத்தால், ஆவியாவதும் வழிவதும் போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 28,800 லிட்டர் சேரும். பொய்த்த ஆண்டில் 300 மி.மீ. என்றாலும் 17,000 லிட்டருக்குக் குறையாது. மார்கழியில் தொட்டி நிறைந்த பிறகு ஏப்ரல் முடிய ஏறத்தாழ 85 பள்ளி நாட்கள், ஜூனிலிருந்து ஐப்பசி மழை வரை இன்னொரு 85. இந்த 170 நாட்களுக்குக் குடிக்க மட்டும் 17,000 லிட்டர். சமையலும் சேர்ந்தால் 27,200.

அதாவது மோசமான ஆண்டிலும் குடிக்கும் தண்ணீர் முழுவதும் கூரையில் விழுகிறது. குறைவது தொட்டிதான். பெரும்பாலான பள்ளிகளில் 2,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றை வைத்து "மழைநீர் சேகரிப்பு" என்று சுவரில் எழுதியிருப்பார்கள். அது 12 நாள் தண்ணீர். கார்த்திகையில் மூன்று மணி நேரம் கொட்டினால் நிரம்பி, மீதி முழுவதும் மைதானத்தில் ஓடும்.

தொட்டி

ஓரளவாவது பயன்பட வேண்டுமென்றால் 10,000 லிட்டர், முடிந்தால் அதில் இரண்டு. இரண்டாக இருப்பதில் இன்னொரு வசதி: ஒன்றைக் கழுவும்போது மற்றதில் தண்ணீர் இருக்கும். கம்பி வலையும் சிமெண்டும் வைத்துக் கட்டும் ஃபெரோசிமெண்ட் தொட்டி இதற்கு நன்றாகப் பொருந்தும். 2.6 மீட்டர் விட்டம், 1.9 மீட்டர் உயரம் வைத்தால் 10,000 லிட்டர் பிடிக்கும். ஒற்றை மாடிக் கட்டடத்தின் வடிகுழாய்க்குக் கீழே அடங்கவும் செய்யும்.

இதில் கொத்தனார்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. பள்ளியில் கிடைக்கும் போர் தண்ணீரிலேயே சிமெண்ட் குழைத்து, அதையே ஊற்றி ஈரம் காப்பார்கள். உப்பு உள்ளே போய் வலையை அரிக்கும். சில வருடங்களில் சுவரில் செம்பழுப்புக் கோடு தெரியும், பிறகு கசிவு. கடற்கரைப் பக்கத்து மணலும் அப்படித்தான். மணலை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் கலக்கி, தெளியவிட்டு, அந்தத் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை (கரைந்த உப்பை எண்ணாகக் காட்டும் சிறு கருவி) வைத்துப் பாருங்கள். வெறும் தண்ணீரைவிட எண் பல நூறு ஏறினால் அந்த மணல் வேண்டாம். கலவைக்கும் 14 நாள் ஈரம் காக்கவும் ஒரு லாரி நல்ல தண்ணீர் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டில் யாரும் எழுதுவதில்லை, எழுதிவிடுங்கள்.

வேலையை ஆவணிக்குள் முடிப்பது நல்லது. புதுச் சிமெண்ட் தொட்டியில் முதலில் விழும் தண்ணீர் சுண்ணாம்பு ஏறிக் கசக்கும், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 9-க்கு மேல் போகும். புரட்டாசியில் வரும் முதல் இரண்டு மழையைத் தொட்டியைக் கழுவ விட்டு, ஐப்பசி மழையிலிருந்து சேமிக்கலாம். கார்த்திகையில் கட்டி முடித்தால், கசக்கும் அந்தத் தண்ணீரையே வருடம் முழுவதும் குடிக்க வேண்டிவரும், அல்லது கீழே விட மனமில்லாமல் தவிக்க வேண்டிவரும்.

தரைக்கடியில் சம்ப் கட்டலாமா என்று கேட்பார்கள். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், அது உண்மை. ஆனால் நிலத்தடி நீர் உப்பாக இருக்கும் ஊரில் மழைக்காலத்தில் மட்டம் ஏறும்போது மயிரிழை விரிசல் வழியாக உப்பு உள்ளே வரும். வெளியே கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே கசிவது தெரியாது. தரைக்கு மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் தொட்டி என்றால் அடிப்பாகம் முழுவதும் சமதளத்தில் உட்கார வேண்டும். மேடையை விட நாலு விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த விளிம்பில்தான் வெடிக்கும். மேலே கீற்றுக் கொட்டகை போடுங்கள். சித்திரை வெயிலில் சுடுதண்ணீராகிவிட்டால் பிள்ளைகள் அதைத் தொடமாட்டார்கள்; போர் குழாய்க்குத்தான் போவார்கள்.

தண்ணீர் எடுக்கும் குழாய் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். வண்டல் அதற்குக் கீழே தங்கும். அடிமட்டத்தில் தனியாக ஒரு வடிகால் வால்வ். வழிந்தோடும் குழாயின் வாயில் கொசு நுழையாத வலை. வெளிச்சம் புகும் இடம் எதுவும் கூடாது. பாசி பிடிக்க வெளிச்சம் போதும். மூடிக்குப் பூட்டு.

கூரையும் முதல் மழையும்

அரசுப் பள்ளிகளின் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த நாற்காலிக் கால்கள், பழைய பந்து, வேப்பிலைக் குப்பை. கூடவே காக்கைக்கு வைத்த சோறு. மீந்த சத்துணவைக் கைப்பிடிச் சுவரில் வைக்கும் வழக்கம் புண்ணியமாக இருக்கலாம். குடிநீர்க் கூரையில் அது எச்சமாகத்தான் திரும்பி வரும். காக்கைக்கு வேறு இடம் ஒதுக்குங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளங்களைத் தட்டோடு பதித்து அல்லது பூசிச் சரிசெய்து, வடிகுழாய்ப் பக்கம் வாட்டம் கொடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் தார் பூசிய தளமும் குடிநீருக்கு வேண்டாம். அந்தக் கட்டடத்துத் தண்ணீரைத் தோட்டத்துக்கு விடலாம்.

கூரையைக் கழுவிவரும் முதல் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். குறைந்தது ஒரு மில்லிமீட்டர் மழை, அதாவது நம் தளத்துக்கு 72 லிட்டர். நான்கு அங்குலக் குழாயை ஒரு மீட்டர் தொங்கவிட்டு அடியில் மூடி போட்டிருப்பார்கள். அதில் பிடிப்பது 8 லிட்டர். மீதி 64 லிட்டர் அழுக்கும் நேரே தொட்டிக்குத்தான். ஆறு அங்குலக் குழாய் என்றால் மீட்டருக்கு 17 லிட்டர்; நான்கு மீட்டர் வேண்டும், கிடைமட்டமாகச் சற்றுச் சாய்த்துப் போடலாம். அதைவிட எளிது 100 லிட்டர் மூடிய டிரம் ஒன்றை வடிகுழாயின் 'டி'க்குக் கீழே வைப்பது. டிரம் நிரம்பியதும் தண்ணீர் தானாகத் தொட்டிப் பக்கம் திரும்பும். டிரம்மின் அடியில் 3 மி.மீ. துளை. மழை நின்று சில மணி நேரத்தில் அது வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். அந்தத் துளையைத்தான் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு வேப்பிலைக் காம்பு அடைத்தால் போதும், டிரம் நிறைந்தபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு முழுவதும் உள்ளே போகும்.

கையால் திருப்பும் வால்வ் வைக்கலாமே என்றால், இங்கே மழை பள்ளி நேரம் பார்த்து வருவதில்லை. இராத்திரி பெய்தால் திருப்ப ஆளில்லை.

மணல் வடிகட்டி பற்றி எங்கள் கருத்து வழக்கமான வரைபடங்களில் இருப்பதிலிருந்து மாறுபடும். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் பெய்யும் மழை இந்தத் தளத்திலிருந்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 50 லிட்டர் அனுப்பும். 200 லிட்டர் பீப்பாயில் நைஸ் மணல், கரி, ஜல்லி என்று அடுக்கினால் அவ்வளவு தண்ணீர் இறங்காது; பீப்பாய் பொங்கி வழியும். பிறகு யாராவது எரிச்சலில் குழாயை நேராகத் தொட்டியில் சொருகிவிடுவார்கள். இலையைத் தடுக்கும் வலைக்கூடை, சரியான அளவில் முதல் மழை டிரம், தொட்டிக்குள் அமைதியாகத் தெளியும் நேரம், இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் மணல் இல்லாமலே தண்ணீர் கண்ணாடி போல் இருக்கும். மணல் வைத்தே தீர வேண்டுமென்றால் பெருமணலும் 20 மி.மீ. ஜல்லியும் போதும். எது வைத்தாலும் கிருமி சாகாது. அதற்குக் குளோரின்தான்.

பிளீச்சிங் பவுடர்

10,000 லிட்டர் தொட்டியில் மாதம் ஒருமுறை ஒரு கை பவுடரை அள்ளிப் போடுவது வழக்கத்தில் இருக்கிறது. முதல் நாள் நாற்றம், பத்தாம் நாள் ஒன்றுமே இல்லை. பெரிய தொட்டியைச் சேமிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, அன்றன்று குடிக்கும் தண்ணீருக்கு மட்டும் மருந்து சேர்ப்பதே சரி. தாழ்வாரத்தில் மூடியும் குழாய்களும் உள்ள 100 லிட்டர் டிரம் ஒன்று. தொட்டிக் குழாயிலிருந்து ஏழு குடம் பிடித்து ஊற்றினால் நிறைந்துவிடும். மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

100 லிட்டருக்குத் தேவையான பவுடர் ஒரு கிராமுக்கும் கீழே. அதை அளக்க முடியாது. அதனால் கரைசல் செய்துகொள்ள வேண்டும். நல்ல பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும். நம் ஊர் வெப்பத்தில் திறந்துவைத்தால் விரைவில் இறங்கும், ஆகவே 25 என்று வைத்துக்கொள்வோம். 40 கிராம் பவுடரை மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அது ஒரு பிளாஸ்டிக் மூடியில் எந்த மட்டம் வரை வருகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு ஒரு லிட்டராக்கி, கால் மணி நேரம் தெளியவிடுங்கள். அடியில் தங்கும் வெள்ளைச் சுண்ணாம்பை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் நிறமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி வையுங்கள். இது ஒரு சதவீதக் கரைசல். ஒரு வாரம் தாங்கும். 100 லிட்டர் டிரம்முக்கு 20 மில்லி, அதாவது இருமல் மருந்து மூடியில் இரண்டு முறை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் சேரும்.

ஊற்றிக் கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும். சமையல் அக்கா வந்ததும் செய்தால் முதல் மணிக்குள் தயார். பிறகு குழாயில் பிடித்த தண்ணீரில் மிச்சக் குளோரினைச் சோதியுங்கள். டி.பி.டி. என்னும் சோதனை மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாக மாறும். நிற அட்டையோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 0.5-ஐத் தாண்டினால் மறுநாள் 15 மில்லியாகக் குறையுங்கள். வாசம் பிடிக்காத பிள்ளை குடிக்காது. குடிக்காத தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்து என்ன பயன்? எவ்வளவு ஊற்றியும் மிச்சமே காட்டவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பவுடர் செத்துவிட்டது, அல்லது தொட்டியில் அழுக்கு மண்டிவிட்டது. புதிய பாக்கெட் வாங்கிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிடையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆளைச் சாய்த்துவிடும்.

டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல ஆசிரியர்களின் மேசையில் இருக்கிறது. எண் குறைவாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது காட்டுவது கரைந்த உப்பை மட்டும். 60 காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். அதைப் பார்க்க ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில் சோதனை உண்டு: கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும். கறுத்த பாட்டிலைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை காட்டினால் பத்துப் பேச்சுக்குச் சமம். குளோரின் சேர்த்த தண்ணீரில் இதைச் செய்யாதீர்கள்; சேர்க்குமுன் எடுத்த தண்ணீரில் செய்யுங்கள்.

ஆனால் மீட்டர் வேறொரு வேலைக்கு அருமையாக உதவும். கூரைத் தண்ணீர் பெரும்பாலும் 100-க்குள்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அளந்து தொட்டிச் சுவரிலேயே தேதியோடு எழுதுங்கள். 70, 75, 70 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 400 ஆனால், எங்கோ உப்பு நுழைகிறது அல்லது யாரோ போர் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்கள். இந்திய அளவுகோலில் 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பதால் 400 தவறில்லை என்று சிலர் வாதிடுவார்கள். அளவு தவறில்லைதான், ஏன் ஏறியது என்பதே கேள்வி.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரச்சினை உப்பைவிட ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கோடு, பிறகு எலும்பில் வலி. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 1.5 உச்சவரம்பு. கொதிக்கவைத்தால் போகாது, கூடும். குளோரினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழைநீரில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இல்லை என்பதால் கலப்பதே எளிய வழி. போர் தண்ணீரில் 3 இருந்தால் அதில் ஒரு குடத்துக்கு இரண்டு குடம் மழைநீர் சேர்த்தால் 1 ஆகிவிடும். தொட்டித் தண்ணீர் மூன்றில் இரண்டு பங்குதான் செலவாகும், அதே தண்ணீர் ஒன்றரை மடங்கு நாட்களுக்கு வரும்.

ஆர்.ஓ. வேண்டுமா?

சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம்தான் ஆர்.ஓ. நன்கொடையாளர் வந்தால் முதலில் தரும் பொருள் இதுதான். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். வீட்டு உபயோக இயந்திரம் மணிக்கு 10 லிட்டர் அளவில்தான் கொடுக்கும். 100 லிட்டருக்குப் பகல் முழுவதும் ஓட வேண்டும். உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியேறும். டி.டி.எஸ். 2,000-ஐத் தாண்டிய தண்ணீரில் சவ்வு சீக்கிரம் உப்புப் படிந்து அடைபடும். வடிகட்டி மாற்ற யார் பணம் தருவார் என்பதற்குப் பதில் இல்லாத பள்ளியில் அது இரண்டாம் வருடம் மூலையில் நிற்கும். மே மாதம் முழுவதும் ஓடாமல் கிடந்தால் உள்ளே கிருமி வளரும். கூரையோ குழாய்த் தண்ணீரோ கொஞ்சமும் இல்லாத இடத்தில், பராமரிப்பு ஒப்பந்தத்தோடு ஊராட்சி அளவில் பெரியதாக வைத்தால் பயன் உண்டு. மற்றபடி வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் பல பள்ளிகளுக்குக் குழாய் இணைப்பு வந்திருக்கிறது. இந்த மாவட்டத்துக்குக் காவிரித் தண்ணீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வருகிறது. கடைக்கோடி ஊர்களில் அது தினமும் வருவதில்லை. வராத நாட்களில் குழாய் வெறுமையாகி, விரிசல் இருக்கும் இடங்களில் வெளி அழுக்கை உறிஞ்சும். ஆகவே திறந்ததும் முதல் ஐந்து நிமிடத் தண்ணீரை மரத்துக்கு விட்டு, பிறகு பிடியுங்கள். கடைசி வரை வரும்போது குளோரின் தீர்ந்திருக்கும். டிரம்மில் அதே 20 மில்லி, அதே சோதனை. ஜூன் முதல் ஐப்பசி வரை இந்தத் தண்ணீரைச் சமையலுக்கு வைத்துக்கொண்டால் மழைத்தொட்டி குடிப்பதற்கு மிஞ்சும்.

குழாயும் டம்ளரும்

தொட்டி வரை சுத்தமாக வந்த தண்ணீர் டம்ளரில் கெடுவதுதான் அதிகம். டிரம் மூடியைத் திறந்து மொண்டு குடிக்க வழியே இருக்கக் கூடாது. மூடியைத் திருகி இறுக்கி, சாவி போலத் திறப்பானைத் தலைமையாசிரியர் மேசையில் வையுங்கள். தொடக்கப்பள்ளிக்குக் குழாய் தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். அதற்கு மேல் போனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை குழாயின் வாயைக் கையால் பிடித்துத் தொங்கும். கேரளத்தில் 2019-இல் பரவிய தண்ணீர் மணி வழக்கம் நல்லது. ஆனால் மணியடித்ததும் 60 பேரும் ஒன்றாக வருவார்கள்: ஒருவருக்கு 20 விநாடி என்றால் இரண்டு குழாயில் பத்து நிமிடம், நான்கில் ஐந்து. பத்து நிமிடம் வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பத்துப் பேர் குடிக்காமலே வகுப்புக்குப் போவார்கள். நான்கு குழாய் வையுங்கள். கீழே சிந்துவது தேங்காமல் ஒரு வாய்க்கால், அதன் முடிவில் ஒரு வாழை.

கோடை விடுமுறைக்குப் பிறகு திறக்கும் வாரம் தனிக் கவனம் வேண்டும். டிரம்மையும் குழாய்களையும் தேய்த்துக் கழுவி, டிரம் நிறையத் தண்ணீர் விட்டு 20 கிராம் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் ஒருமுறை திறந்து குளோரின் வாசம் வந்ததும் மூடி, இரவு முழுவதும் விடுங்கள். டிரம்மில் 'குடிக்காதே' என்று பெரிதாக எழுதி ஒட்டுவது அவசியம். மறுநாள் கழிப்பறைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வாசம் போகும் வரை இரண்டு முறை அலசுங்கள். பெரிய மழைத்தொட்டியை அப்போது கழுவ வேண்டாம். அதில் மிச்சமிருக்கும் தண்ணீர் ஐப்பசி வரை தேவைப்படும். அதற்கான நேரம் புரட்டாசி முதல் வாரம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும்போது. இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நின்ற பிறகுதான்.